மதினி படித்த கடல்

மதினியின் மடிக்கணினியில் ஓர் உலகப் படம் இருந்தது. அண்ணனுக்குக் கல்யாணமாகி, தாராவியில் எங்கள் மாடி அறைக்கு அவர் குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைத் திறந்து காட்டினார். கண்டங்கள் எல்லாம் தெரிந்த மாதிரியும் இருந்தன, தெரியாத மாதிரியும் இருந்தன. இந்தியா ஆசியாவோடு சரியாக ஒட்டாமல், பூமத்திய ரேகையின் மேல் சாய்ந்து கிடந்தது. பம்பாய் எங்கே என்று நான் கேட்டதற்கு, விரலைத் திரையில் வைக்காமலே "இங்க எங்கயாவது இருக்கும் தம்பி" என்றார். ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உலகம் அது. வடதுருவத்தில் பனியே இல்லாமல், அங்கே முதலைகள் வாழ்ந்த காலம். அந்தக் காலத்துக் கடல் எப்படி இருந்தது என்று கணக்குப் போடுவதுதான் மதினியின் வேலை.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வேலையைக் கேள்விப்பட்டவர்கள் யாரும் இல்லை. அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்து, அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். அண்ணன் ஐடிஐ முடித்த வெல்டர். கடலுக்குள் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் பார்ஜ் என்ற தட்டைக் கப்பலில் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்வான். மதினி செம்பூரில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தார். இரண்டு வீட்டுக்காரர்களும் தென் ஜில்லாவிலிருந்து வந்த ஒரே சபைக்காரர்கள். கிறிஸ்துமஸுக்காகத் தாராவிக் கோயிலும் செம்பூர்க் கோயிலும் சேர்ந்து பாட்டுப் பயிற்சி வைத்த இடத்தில் அண்ணனும் மதினியும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். டாக்டர் பட்டம் வாங்கிய பெண் ஒரு வெல்டரைக் கட்டுகிறாளே என்று செம்பூரிலும், இவ்வளவு படித்தவள் நம் வீட்டில் நிலைப்பாளா என்று தாராவியிலும் பேசினார்கள். அண்ணன் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் டீக்கடையில் நிற்கிறவர்களிடம் எல்லாம், "எம் பொண்டாட்டி அஞ்சு கோடி வருசத்துக்கு முந்துன கடலப் படிக்கா, தெரியுமால" என்று சொல்லிக்கொண்டு திரிவான்.

அவன் ஊரில் இருக்கும் நாட்களில் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் கடல்தான் பேச்சு. நான் அங்கே உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அந்தப் பழைய உலகம் ஏன் அவ்வளவு சூடாக இருந்தது என்று கேட்டால், காற்றில் கரியமில வாயு அதிகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் துருவத்துப் பனி உருகுகிற அளவுக்குக் கணினியில் அந்த வாயுவைக் கூட்டினால், பூமியின் நடுப்பகுதி உயிர்கள் இருக்க முடியாதபடி கொதிக்கும். பாறைகளில் கிடைக்கிற சான்றோ, நடுப்பகுதியில் அப்படியொன்றும் கொதிக்கவில்லை என்கிறது. அப்படியானால் ஏதோ ஒன்று அங்கிருந்த சூட்டை அள்ளிக்கொண்டு போய்த் துருவங்களில் கொட்டியிருக்க வேண்டும். அது கடல்தான் என்பது மதினியின் எண்ணம். கடலின் மேல்தண்ணீர் சூடு, அடித்தண்ணீர் குளிர்ச்சி. புயல் வந்து இரண்டையும் கலக்கிவிட்டால் சூடு கீழே இறங்கி, நீரோட்டத்தோடு நெடுந்தூரம் போய் வேறெங்கோ மேலே வரும். சூடான உலகத்தில் புயல்களும் அதிகம். அதனால் கலக்கலும் அதிகம்.

"அப்ப எங்க தலைக்கு மேல அடிக்கிற காத்துதான் உன் கணக்க சரி பண்ணுது" என்பான் அண்ணன். புயல் கடந்த பிறகு தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும்படி மதினி ஒருமுறை அவனிடம் கேட்டிருந்தார். பார்ஜின் தளம் தண்ணீரிலிருந்து மாடி உயரம் என்றும், குனிந்து கையை நனைத்துப் பார்க்க அது ஜுஹு பீச் இல்லை என்றும் சொல்லி அவன் வெகுநேரம் சிரித்தான். மதினிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா எதுவும் புரியாமலேயே கூடச் சிரித்தாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மே மாதம் அரபிக்கடலில் புயல் கிளம்பியது. பம்பாய்க்கு நேராக வராது, பக்கத்தில் ஒதுங்கிப் போகும் என்று டிவியில் சொன்னார்கள். வேறு சில கப்பல்கள் முன்னதாகவே கரைக்குத் திரும்பிவிட்டன. அண்ணன் இருந்த பார்ஜ் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதற்குப் பிற்பாடு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதுவும் எங்களுக்கு ஆறுதலாக இல்லை. புயல் நெருங்கிய அன்று மத்தியானம் தெருவில் முழங்காலளவு தண்ணீர். கூரைத் தகரங்கள் கிளம்பிக் கிளம்பி அடித்துக்கொண்டிருந்தன. அண்ணனிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. குரல் விட்டு விட்டுக் கேட்டது. "ஏல, அம்மாட்ட ஒண்ணும் சொல்லாத. காத்து கொஞ்சம் ஜாஸ்தி. நங்கூரம் புடிச்சுக்கிட்டுதான் இருக்கு. நெட் போயிரும், போன் எடுக்கலைன்னு பயப்படாதீங்க." மதினியிடம் கொடுக்கட்டுமா என்று நான் கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மதினி அப்போது வாசலில் நின்று, கூரை ஒழுகி அறைக்குள் தேங்கிய தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பார்ஜ் மூழ்கிவிட்டது என்ற செய்தி வந்தது. நங்கூரச் சங்கிலிகள் அறுந்து, கட்டுப்பாடில்லாமல் அலைந்து, எதிலோ மோதி ஓட்டை விழுந்ததாம். உயிர்காப்பு அங்கியோடு குதித்தவர்கள் பலரைக் கடற்படைக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துறைமுக வாசலில் நாங்கள் நின்றோம். போர்வை போர்த்தி, கால் தரிக்காமல் இறங்கி வந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தோம். அண்ணனோடு ஒரே அறையில் தங்கிய மலையாளி ஒருவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு கிட்டே வந்தார். கண்கள் உப்பில் வீங்கியிருந்தன. இருவரும் சேர்ந்துதான் குதித்ததாகவும், பொழுது சாயும் வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்ததாகவும், பெரிய அலை ஒன்றுக்குப் பிறகு தன் கையில் யாரும் இல்லை என்றும் இந்தியில் சொன்னார். மதினி அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை என்னால் மறக்க முடியாது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மதினியைக் கண்டதும் எழுந்து வந்து அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். "நீ கடலப் படிச்சவதான. எம் புள்ள எங்க மெதக்கான்னு சொல்லு. போயி எடுத்துட்டு வந்துருவோம்."

அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. இத்தனை நாள் நம் வீட்டில் கடல் கடல் என்று பேசியவள், இந்தக் கடலுக்குள் ஓர் ஆள் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்க மாட்டாளா? மதினியின் கணக்கில் கடல் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்றும், ஒரே கட்டத்துக்குள் பம்பாயிலிருந்து நாசிக் வரைக்குமான தூரம் அடங்கிவிடும் என்றும் எனக்குத் தெரியும். அந்தக் கணினிக் கடலில் ஒரு புயல்கூடத் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது, எல்லாப் புயல்களும் சேர்ந்து ஒரே எண்ணாக இருக்கும். அதில் மனிதனுக்கு ஏது இடம். முடியாது என்று அவர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். "பாக்கேன் அத்தை" என்றார். உடுத்தியிருந்த ஈரத் துணியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார்.

வேறு ஊரில் இன்றைய நீரோட்டங்களை ஆராய்கிற நண்பர் ஒருவர் அவருக்கு இருந்தார். அவரைக் கூப்பிட்டு, பார்ஜ் மூழ்கிய இடத்தையும் காற்றின் திசையையும் சொல்லி, ஓர் ஆள் உயிர்காப்பு அங்கியோடு மிதந்தால் எந்தப் பக்கம் தள்ளப்படுவான் என்று கணக்குப் போடச் சொன்னார். 'ஓர் ஆள்' என்றுதான் சொன்னார். பதில் ஒரு படமாக வந்தது. கடல் மேல் சிவப்பு மை கொட்டியதுபோல் ஒரு கறை. நேரம் ஆக ஆக அது அகன்றுகொண்டே போனது. வடக்கே குஜராத் கரையையும் தெற்கே கொங்கண் கரையையும் தொட்டது. எங்கே என்று அம்மா கேட்டாள். "இந்தப் பக்கம் முழுக்க அத்தை" என்றார் மதினி. அம்மா படத்தைப் பார்க்கவில்லை. மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு உடல்கள் கரை ஒதுங்க ஆரம்பித்தன. நானும் மதினியும் அலிபாக் பக்கம் போனோம், வல்சாடுக்குப் போனோம், அந்தக் கறை தொட்ட கரைகளில் உடல் கிடைத்ததாகச் செய்தி வந்த இடமெல்லாம் போனோம். அரசு ஆஸ்பத்திரிகளின் பிணவறை வாசலில் எங்களைப் போலவே உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாவிட்டாலும் கையிலிருந்த புகைப்படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். முதல் ஆஸ்பத்திரியில் கதவு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் வெளியிலேயே இருந்தேன். உள்ளே போனது மதினிதான். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு உடலாகப் பார்த்துவிட்டு வருவார். அண்ணனின் வலது மணிக்கட்டுக்கு மேலே, வெல்டிங் பழகுகிற காலத்தில் பட்ட தீக்காயத்தின் தழும்பு ஒன்று காசு அளவில் பளபளப்பாக இருக்கும். அதைத்தான் தேடினார். வெளியே வந்து என்னைப் பார்த்து "இல்ல தம்பி" என்பார். அந்த ஒரு சொல்லில் அவருக்கு இருந்தது நிம்மதியா பயமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உடுப்பிலும் முடியிலும் வாடை இருக்கும்.

வெறுங்கையோடு நாங்கள் திரும்பி வரும்போதெல்லாம் அம்மாவின் துக்கம் கோபமாக மாறிக்கொண்டிருந்தது. கோபப்பட அவளுக்குக் கண்முன்னால் கிடைத்தது மதினி ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போதே ஒருநாள் சொல்லிவிட்டாள். "ஏட்டி, அஞ்சு கோடி வருசத்துக்கு முந்துன கடல் தெரியுது, நேத்தைய கடல் ஒனக்குத் தெரியலையோ?" மதினி அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தார். பிறகு மெதுவாக, நாங்கள் யாருமே வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததைச் சொன்னார். "அத்தை, அவிய இனி வரமாட்டாவ."

அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். ஏதாவது தேவை என்றால் என் வழியாகச் சொல்லுவாள். உடல் இல்லாமல் அடக்க ஆராதனை வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரியில் மரபணுச் சோதனைக்கு அவளுடைய ரத்தம் வேண்டும் என்றபோது மட்டும், எதற்கு என்று கேட்காமல் கையை நீட்டினாள். செம்பூர்க்காரர்கள் வந்து மகளைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மதினி போகவில்லை. பேசாத மாமியாரோடு அந்த மாடி அறையிலேயே இருந்துகொண்டு, விடுப்பு முடிந்ததும் வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

அப்போது நான் மாட்டுங்காவில் ஒரு பார்சல் கம்பெனியில் இருந்தேன். ஒரு சாயங்காலம் ஸ்டேஷனில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரயில்கள் வந்து போய்க்கொண்டிருந்தன, அவர் ஏறவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கணினி பல மாதமாக ஓட்டிக்கொண்டிருந்த கணக்கு அன்று முடிந்துவிட்டதாகச் சொன்னார். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டேன். வந்திருக்கிறது என்றார். துருவங்கள் சூடாகிவிட்டன, நடுப்பகுதி கொதிக்கவில்லை, பாறைச் சான்றுகளோடு பொருந்துகிறது. அதுவும் முன்பு நினைத்ததைவிடக் குறைவான கரியமில வாயுவிலேயே. புயல் கலக்கும் கலக்கலுக்கான அந்த எண்ணைக் கூட்டியதால் கிடைத்த விடை அது.

"இத்தன வருசமா அந்த ஒரு நம்பரத்தான் தம்பி கூட்டிக்கிட்டே வந்தேன். துருவத்துக்குச் சூடு வரணும்னு புயலக் கூட்டுனேன். வரலையா, இன்னும் கூட்டுன்னேன். அதுக்குள்ள ஆளு இருப்பாங்கன்னு ஒருநாளும் நெனச்சதில்ல." இதை நம் காலத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்று தன் பேராசிரியர் எச்சரித்திருப்பதையும் சொன்னார். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கடல் சூடாகச் சூடாகப் புயல் வலுக்கும், வலுத்த புயல் கடலைக் கலக்கும், கலங்கிய கடல் சூட்டை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோகும் என்ற சுழற்சி அந்தக் கணக்கில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. "இந்தக் கணக்கு தப்பா இருக்கணும்னு இருக்கு எனக்கு" என்றார். "எல்லாரும் வாழ்த்து சொல்லுதாவ. எங்கயாவது ஒரு பிழை இருக்காதான்னு காலையில இருந்து தேடிக்கிட்டு இருக்கேன்." அடுத்த வண்டியில் ஏறி, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பிழை கிடைக்கவில்லை. பிற்பாடு கட்டுரை வெளிவந்தது.

மழை நன்றாக ஊன்றிய பிறகு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட, நானும் மதினியும் போனோம். அம்மாவின் ரத்தத்தோடு ஓர் உடலின் மரபணு பொருந்திவிட்டது. எங்கே கிடைத்தது என்று மதினி கேட்டார். அங்கிருந்த அதிகாரி அலிபாக் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைச் சொன்னார். நாங்கள் போன ஆஸ்பத்திரி. கிடைத்த நாளைக் கேட்டார் மதினி. நாங்கள் போவதற்கு முந்தைய நாள். மதினி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஓரத்துல இருந்தாவ" என்றார், என்னைப் பார்க்காமல். "நான் பாத்தேன். கையத் தூக்கிப் பாத்தேன் தம்பி. தழும்பு இல்ல, தோலே இல்ல. இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

வழியெல்லாம் அவர் அழவில்லை. வீட்டுப் படியேறி உள்ளே வந்து, அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவிய கெடச்சிட்டாவ, நான் அவியளப் பாத்தேன், எனக்குத் தெரியல, எம் புருசன எனக்கே தெரியல. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துகொண்டே போய், தரையில் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தார். அவ்வளவு அமைதியான மனுஷியை நான் அப்படிப் பார்த்ததில்லை. பிடிக்கப் போன என்னை அம்மா தள்ளிவிட்டாள். மதினியின் தலைக்கும் தரைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். அவ்வளவு நாளும் முகம் பார்த்துப் பேசாதவள், அந்தத் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ பாத்தது அவன இல்ல" என்றாள். "கடல் என்னத்தையோ செஞ்சு அனுப்பிருக்கு. நீ இல்லன்னு சொன்னது சரிதான். எம் புள்ள மூஞ்சி ஒனக்குத் தெரியாமப் போவுமா?"

அடக்க ஆராதனைக்குப் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அம்மாவே சபைப் போதகரான ஐயரிடம் சொன்னாள். தானும் பார்க்கவில்லை. மதினி இரண்டாம் முறை பார்க்கவும் விடவில்லை.

அதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. எனக்குக் கல்யாணமாகி முலுண்டில் இருக்கிறேன். அம்மாவை என்னோடு கூப்பிட்டேன், வரவில்லை. மதினி செம்பூரில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு அவரோடேயே அம்மா போய்விட்டாள். மகனே இல்லாத வீட்டில் மருமகளோடு மாமியார் இருப்பதைப் பார்த்து இன்றைக்கும் ஆட்கள் காரணம் கேட்கிறார்கள். மதினிக்கு வெளிநாட்டிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அத்தையை விட்டுவிட்டு வர முடியாது என்று எழுதிவிட்டதாகச் சொன்னார். இன்னமும் அதே பழைய கடலைத்தான் படிக்கிறார். இப்போது கட்டங்களை இன்னும் சிறிதாக்கிப் பார்க்கிறாராம். அந்தக் கணக்கில் பிழை இருக்கிறதா என்று தேடுவதை அவர் விட்டுவிட்டாரா என்று நான் கேட்டதில்லை.

இந்த மே மாதமும் அரபிக்கடலில் ஒன்று கிளம்பியது. எனக்கு வேலை ஓடவில்லை. பாதியில் கிளம்பி செம்பூருக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மதினி கீழே அமர்ந்து போனில் புயலின் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அது தன் வேலை இல்லை என்று சொல்லிவிடுவார். இப்போது அம்மாவுக்காகப் பார்க்கிறார்.

"எங்க போவுது?" என்று கேட்டாள் அம்மா.

"ஓமன் பக்கம் திரும்பிருச்சு அத்தை. இங்க வராது."

எனக்கு மூச்சு வந்தது. அம்மாவின் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அங்கயும் பார்ஜ் நிக்குமா?"

மதினி இல்லை என்று சொல்லிவிடமாட்டாரா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நிக்கும் அத்தை" என்றார்.

அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, தரையில் ஜெபிக்க முழங்கால் போட்டாள். மதினி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் முழங்காலிட்டார். யாருக்காக ஜெபம் என்று அம்மா சொல்லவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.